யோயோவுக்கு ஒரு முடிச்சு

“எனக்கு இது வேண்டாம் தாயி. நீங்களே வச்சுக்கிடுங்க.”

செம்புலிங்கம் யோயோவைப் பூரணத்தம்மாளின் முன்னால் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிச் சரக்குக்குக் கயிறு கட்டுகிறவர் அவர். அவர் போட்ட முடிச்சு நடுக்கடலில் புயலடித்தாலும் அவிழாது என்பார்கள். அதை அதிகம் சொன்னவர் அவரேதான்.

பூரணத்தம்மாள் அவரைவிட வயதில் இளையவள். கடற்கரை மடத்தில் தனியாக இருந்துகொண்டு, குறை சொல்லி வருகிறவர்களுக்கு வழி சொல்லுவாள். நூலில் இறங்கி ஏறும் அந்த மர யோயோவை ஊரில் யாரும் பார்த்திராத காலம் அது. காய்ச்சலில் கிடந்த மணிலா மாலுமி ஒருவன், கஞ்சி கொடுத்த நன்றிக்கு அதை அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறியிருந்தான்.

“ஏன் அண்ணாச்சி?”

“நான் என்ன கேட்டு வந்தேன்? எம்மக ஊருலருந்து நம்ம வீட்டுக்கு வந்தா ஒரு ராத்திரி தங்க மாட்டேங்கா, ஒரு வழி சொல்லுங்கன்னேன். நீங்க வெளையாட்டுச் சாமானக் கொடுத்தீங்க. இது கீழ போயி நின்னு சுத்துற அன்னைக்கு வாங்கன்னீங்க. துறைமுகமே என்னப் பாத்துச் சிரிக்கி.”

“நிக்கலியா?”

“எங்க நிக்கி? போன வேகத்துல திரும்பி வந்து வெரல்ல அடிக்கி. பாருங்க, வீங்கிப் போச்சு. மக இன்னைக்குக் காலையில வந்திருக்கா. மத்தியான பஸ்சுல போறேங்கா. நான் இங்க வந்து வெளையாடிக்கிட்டு இருக்கேன்!”

ஆத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பூரணத்தம்மாள் யோயோவை எடுத்துப் பார்த்தாள். இரண்டு மரத்தட்டுக்கும் நடுவே, அச்சோடு அச்சாக நூல் இறுகிக் கிடந்தது.

“இந்த முடிச்சு யாரு போட்டது?”

“நாந்தான். நீங்க கொடுக்கையில நூல் சும்மா வளையமாக் கெடந்துச்சு. வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. கப்பக்காரனுக்குக் கட்டத் தெரியல போலன்னு சரி பண்ணுனேன்.”

“மணிலாவுல அப்படித்தான் மாட்டுவாங்களாம்.”

“கட்டத் தெரியாதவன் ஆயிரம் சொல்லுவான்.”

அவள் நகத்தால் அவிழ்த்துப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல முடிச்சு. கடைசியில் அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள்.

பிறகு புது நூலை இரட்டையாக முறுக்கி, அதன் மடிப்பில் அச்சைத் தொளதொளவென்று மாட்டிச் சுற்றிக் கொடுத்தாள்.

“விடுங்க.”

வேண்டா வெறுப்பாக விட்டார்.

யோயோ கீழே போனது. அங்கேயே நின்று சுற்றியது.

செம்புலிங்கம் வாயைப் பிளந்தார். உடனே பயந்தும் போனார்.

“ஐயையோ, இனி எப்படி மேல வரும்?”

“லேசாச் சுண்டுங்க.”

சுண்டினார். ஏறி வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.

“சரி, வந்துருச்சு. இதுக்கும் எம்மகளுக்கும் என்ன தாயி இருக்கு?” மறுபடியும் சீறினார்.

“மக வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க?”

“என்ன செய்வேன்? அவ பையை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிருவேன். இல்லன்னா ஓடிருவாள்லா?”

“போன தடவை?”

“பையை விட்டுட்டே போயிட்டா.”

“இன்னைக்கு?”

செம்புலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. பெட்டிச் சாவி அங்கேதான் இருந்தது.

“மணி என்ன தாயி?”

கேட்டாரே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.