இரும்புப் பெட்டி எதற்குக் குறியீடு?

நாங்கள் பி.ஏ. படித்தபோது அமெரிக்க நாவல் பாடம் எடுத்தவர் பேராசிரியர் தேவசகாயம். பாடமாக இருந்த தடித்த நாவலைப் பதினைந்து வருஷமாகக் கக்கத்தில் சுமந்தவர். வகுப்பில் நோட்ஸ் மட்டும் சொல்வார்.

ஒருநாள், தமிழ் மீடியத்திலிருந்து வந்த பேச்சியம்மாளை எழுப்பினார்.

"கதாநாயகன் சாகும்வரை தூக்கித் திரிகிறானே இரும்புப் பெட்டி, அது எதற்குக் குறியீடு? சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வகுப்புக்கு வராதே."

"திறந்தே பார்க்காம பெருமைக்குச் சுமக்கிறதுக்கு, சார்."

"உதாரணம்?"

பேச்சி மேஜையிலிருந்த அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் காலத்துப் பதிப்பு. அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் ஒட்டியிருக்கும் தாள்களை, படிப்பவர்தான் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். முன்னுரைக்கு அப்புறம் ஒரு தாளும் பிரிந்திருக்கவில்லை.

மறுநாள் சார் நோட்ஸ் கொண்டுவரவில்லை, பிளேடு கொண்டுவந்தார். தாள் பிரியும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வருஷம்தான் நாங்கள் அந்த நாவலைப் படித்தோம், சாரும்தான்.