செவலை வாய் மூடிய காலை

அந்தக் காலத்தில், மாடும் ஆடும் மனிதரோடு வாய் திறந்து பேசி வந்தபோது, அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஓனா என்றொரு பெண் இருந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு வயது மகளும் ஒரு செவலைப் பசுவும்தான் மிச்சம்.

மே மாதம் பிறந்த காலை வாளியோடு தொழுவத்துக்குப் போனாள். மடி வற்றிக் கிடந்தது.

"பால் எங்கேடி?"

"நீதானே அம்மா இப்போது கறந்துகொண்டு போனாய்?" என்றது பசு.

ஓனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் எழுந்ததே இப்போதுதான்.

மறுநாளும் அதே கதை. "'நகர்ந்து நில், தங்கமே' என்றாயே. இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றது பசு.

அவள் தினமும் சொல்கிற வார்த்தைதான் அது. பசு பொய் சொல்கிறதா, தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? கையை முகர்ந்து பார்த்தாள். பால் வாடையே இல்லை. தூக்கத்தில் தானே எழுந்து போய்க் கறக்கிறாளோ என்று அன்றிரவு வாளியின் வாயைத் துணியால் மூடி முடிச்சுப் போட்டு வைத்தாள். விடிந்து பார்த்தால் முடிச்சு அப்படியே இருந்தது. மடியில்தான் சொட்டுப் பால் இல்லை.

உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது.

"கறந்தாயே அம்மா!" என்றது பசு மறுபடியும்.

"பொய்! இனி நீ வாயே திறக்காதே!" முக்காலியைத் தூக்கிப் பசுவின் முகத்தில் அடித்துவிட்டாள்.

அடித்த சத்தத்தில் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு முயல் துள்ளி விழுந்தது. மீசையெல்லாம் பால். "நகர்ந்து நில், தங்கமே!" என்று ஓனாவின் குரலிலேயே சொல்லிச் சிரித்துவிட்டு, சுவரைத் தாண்டி ஓடி மறைந்தது.

ஓனா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தெரியாமல் அடித்துவிட்டேன். ஏதாவது பேசு" என்று கெஞ்சினாள். பசு அவளைப் பார்த்தது, பேசவில்லை.

மறுநாள் அவள் வாய் திறந்ததுமே பசு நடுங்கிப் பாலை அடக்கிக்கொண்டது. வந்திருப்பது எந்த ஓனா என்று அதற்கு எப்படித் தெரியும்? எந்தச் சொல்லைச் சொன்னாலும் முயலும் சொல்லுமே! வழி தெரியாமல் பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்த்தாள். மகளைத் தூங்கவைக்கும் பாட்டு, வார்த்தையில்லாமல், வெறும் முனகலாக வந்தது. முயலுக்குப் பேச்சு வரும், பாட்டு வராது.

பசு பால் விட்டது. அடையாளம் கண்டுகொண்டதா, மன்னித்துவிட்டதா? கடைசிவரை ஓனாவுக்குத் தெரியவில்லை.

அடி வாங்கிய செவலையைப் பார்த்து மற்ற மாடுகளும் ஆடுகளும் வாயை மூடிக்கொண்டன; அன்று முதல்தான் அவை நம்மோடு பேசுவதில்லை. அந்த ஊர்ப் பெண்களும் பாடாமல் பால் கறப்பதில்லை.