ஓடுகிற அலையை நிறுத்தியவர்கள்

பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மோட்டார் அறையில் மூன்று அறிவாளிகள் கூடுவார்கள். அவர்களை அறிவாளிகள் என்று சொன்னவர்களும் அந்த மூவர்தான். தலைவர் நல்லபெருமாள், மற்ற இருவர் ஆவுடையப்பன், சுப்புக்குட்டி.

இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை. எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. தாங்களே சரிசெய்வதாக மூவரும் சொல்லியிருந்தார்கள்.

"மதியத்துக்குள்ள சரி பண்ணலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். நீங்களும் அறையைக் காலி பண்ணிரணும்" என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவி வயலட் டீச்சர்.

நல்லபெருமாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அறை போனால் பகலெல்லாம் எங்கே இருப்பது? வீட்டில் அவரை அறிவாளி என்று நம்ப ஆளில்லை.

மோட்டாரை இயக்கும் சர்க்யூட் பலகையில் கோளாறு. மின்சாரத்தை அலையாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். காணொளி பார்த்து அந்தக் கருவியைத் தாமே செய்வதென முடிவாயிற்று.

"நான் செய்யறதை அப்படியே செய்ங்க" என்றார் காணொளிக்காரர். ஈயம் பற்றவைக்கையில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். மூவரும் காணொளியை நிறுத்தி ஆலோசித்தார்கள்.

"எந்தக் கை வே?"

"இடது."

"அவருக்கு இடதா, பாக்குத நமக்கு இடதா?"

சந்தேகம் தீராததால் இரண்டு கட்டைவிரலையும் சுட்டுக்கொண்டார்கள்.

கருவி வேலை செய்தது. அவர்களே எதிர்பார்க்கவில்லை. அதன் திரையாக மாட்டிய பழைய செல்போனில் பச்சை அலை இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது.

"அலை ஓடாம நிக்கணும். நின்ன பிறகுதான் கோளாறைத் தேடணும். அதுக்குத்தான் இந்தக் குமிழைத் திருகணும்" என்றார் காணொளிக்காரர். அந்தக் குமிழை, மிச்சம் விழுந்த சாமான் என்று நல்லபெருமாள் காலையிலேயே குப்பையில் போட்டிருந்தார்.

"அலை இடது பக்கம் ஓடுதுல்லா? கருவியைத் தூக்கிக்கிட்டு நாம அதே வேகத்துல வலது பக்கம் போனா?" என்றார் நல்லபெருமாள்.

"நின்ன இடத்துலயே நிக்கும்! மூளைவே உமக்கு!" என்றார் ஆவுடையப்பன்.

"சுவர் வந்துருமே?" என்றார் சுப்புக்குட்டி.

"வெளிய போயி கட்டடத்தைச் சுத்துவோம்."

பலகையைக் கழற்றிப் பேட்டரியில் மாட்டினார்கள். கருவி, பலகை, பேட்டரி என ஆளுக்கொன்றாக ஏந்திக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடினார்கள்.

"நிக்குதாவே?"

"நிக்குத மாதிரிதான் இருக்கு. வேகத்தைக் குறைச்சிராதீரும்!"

எட்டாவது சுற்றில் மதியமாகி, டீச்சர் கூப்பிட்ட மெக்கானிக் வந்தார். பலகையைக் காணாததால், மோட்டாருக்கு நேராக ஒரு சுவிட்சை மாட்டி ஓடவிட்டார். எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது.

"தண்ணி வந்துட்டு! அறையைக் காலி பண்ணுங்க!" என்று மாடியிலிருந்து கத்தினார் வயலட் டீச்சர்.

நல்லபெருமாள் பதறிப்போனார். "மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க டீச்சர்! நாங்க இன்னும் கோளாறையே பாக்கலை!"

"அப்போ நின்னு பாக்க வேண்டியதுதானே?"

"எப்படி டீச்சர் முடியும்?" என்று மூச்சிரைக்க மூலை திரும்பினார் நல்லபெருமாள். "நாங்க நின்னா அலை ஓடிருமே!"