பொரிகடலை மாவும் திருநீறும்

மேஜிக் பூரணிக்கு முப்பத்திரண்டு வயது. அவளுடைய சிஷ்யன் சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்து நாலு. அவர் அவளை 'மாஸ்டர்' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். பொருட்காட்சிக்கு வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சிஷ்யன் என்று முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். மேடையில் முட்டையைக் கீழே போடுகிறவர்தான் சிஷ்யன் என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

சங்கரபாண்டியன் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு சாயங்காலம் பூரணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். மறுநாள் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் ஏச்சுத் தாங்கவில்லை.

"அத்தனை வருசம் உழைச்சிருக்கேன் மாஸ்டர். ஒரு பய எனக்குக் கைதட்டினதில்ல" என்றார் பூரணியிடம்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல்முறையாக அவர் மேடையில் தனியாக நிற்கப்போகிற நாள். பொருட்காட்சிக் காண்ட்ராக்டர் சுடலைமுத்து முந்தின நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

"உங்க ஆளுக்குக் கூட்டம் கைதட்டிச்சுன்னா அடுத்த ஊர்லயும் மேடை தாரேன். இல்லன்னா வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கட்டும்."

காலையில் சங்கரபாண்டியனுக்கு இட்லி இறங்கவில்லை. பூரணியின் முன்னால் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். காவி வேட்டி, உருத்திராட்ச மாலை, கையகலத்தில் ஒரு பித்தளை வேல்.

"வெறுங்கையில திருநீறு வரவைக்கப் போறேன் மாஸ்டர்!"

பூரணி வேலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் துணியின் மேல் வைத்தாள். அவளுடைய பெட்டியில் பட்டுத் துணி உண்டு, சீட்டுக்கட்டு உண்டு, ஒரு சோம்பேறிப் புறாகூட உண்டு. சாமி சாமான் ஒன்றுகூடக் கிடையாது. சாமி கொட்டகைத் தூணில் இருந்தது. சின்ன முருகன் படம், பக்கத்தில் திருநீற்றுக் கிண்ணம். மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு கீற்று இட்டுக்கொண்டு கிண்ணத்தை மூடிவிடுவாள்.

"நீங்க ஏன் ஒருநாளும் இதை வச்சுக் காட்டுறதில்ல? காட்டலாமா, கூடாதா?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

பூரணி எழுந்தாள். எதிரில் இருந்த கடைக்குப் போய்ப் பொரிகடலை மாவு வாங்கி வந்தாள். சீனி கலந்து, தண்ணீர் தெளித்து, சுண்டைக்காய் அளவுக்கு உருண்டை பிடித்து வெயிலில் வைத்தாள்.

"இது முதல் ஆட்டத்துக்கு. திருநீறு ரெண்டாவது ஆட்டத்துக்கு. கை மாறக்கூடாது. வித்தை மாறக்கூடாது."

"பொரிகடலை மாவுக்கு எவன் மாஸ்டர் கைதட்டுவான்?"

"காட்டிட்டு வந்து சொல்லுங்கண்ணே."

வித்தை இவ்வளவுதான். உருண்டையைக் கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக்கொண்டு, கையை விரித்துக் காட்ட வேண்டும். பிறகு மூடிக் கசக்கினால் பொடியாகக் கொட்டும். சொல்வதற்கு ஒரு நிமிஷம். சங்கரபாண்டியனின் தடித்த விரல்களுக்கு அது ஒரு கார்த்திகையிலிருந்து மறு கார்த்திகை வரை ஆனது.

முதல் ஆட்டம். கறுப்புக் கோட்டில் வியர்த்து வழிய நின்றார். விரித்த கையைக் காட்டினார். மூடினார். கசக்கினார். மாவு கொட்டியது.

முன்வரிசைக் குழந்தைகள் மேடைக்கே ஓடி வந்துவிட்டார்கள். ஒரு வாண்டு நக்கிப் பார்த்துவிட்டு, "ஏ, இனிக்கு!" என்று கத்தியது. அவ்வளவுதான், கொட்டகை கொதித்தது.

"கோட்டுக் கைக்குள்ள வச்சிருக்காருல!"

"கோட்டைக் கழத்தச் சொல்லு!"

கழற்றினார். முண்டா பனியனோடு நின்று மறுபடியும் கொட்டினார். குழந்தைகளோடு பெரியவர்களும் கை நீட்டினார்கள். ஒருவர் அவருடைய அக்குளையே எட்டிப் பார்த்தார். எப்படி, எப்படி என்று ஆளுக்கொரு யோசனை. கடைசியில் எல்லோரும் தோற்றுப்போய்ச் சிரித்துக்கொண்டு தட்டினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. ஐம்பத்து நாலு வயசு மனிதர், திரைக்குப் பின்னால் வந்து குதித்தார்!

"கேட்டீங்களா மாஸ்டர்! மாவுக்கே இப்படின்னா திருநீறுக்குக் கொட்டகை பிச்சுக்கிட்டுப் போகும்!"

"வேட்டியை இறுக்கிக் கட்டுங்க" என்றாள் பூரணி.

இரண்டாவது ஆட்டம். விளக்குகள் போட்டுவிட்டார்கள். காவி வேட்டி, உருத்திராட்சம், நெற்றி நிறைய பட்டை. வேலை நட்டுவைத்து அதன் பக்கத்தில் நின்றார். விரித்த கையைக் காட்டினார். மூடினார். கசக்கினார். திருநீறு கொட்டியது.

கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

ஒரு கிழவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். "முருகா" என்றார். அந்தக் குரலுக்குக் காத்திருந்த மாதிரி மொத்தக் கூட்டமும் எழுந்தது. யாரும் கோட்டுக் கையைத் தேடவில்லை, அக்குளை எட்டிப் பார்க்கவில்லை. தானாக வரிசை நின்றது. நெற்றியை நீட்டினார்கள். காலைத் தொட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து காலடியில் கிடத்தினார்கள். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து உருண்டை உருண்டையாக எடுத்துக் கசக்கித் தள்ளினார்.

சங்கரபாண்டியனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் எதற்கு? சந்தோஷமாக இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜனம், இங்கே அவருடைய பாதத்தைத் தேடியது. யாருக்குத்தான் கசக்கும்?

சுடலைமுத்து ஓட்டமாக மேடை ஏறி வந்தார்.

"சாமி! நாளையிலேர்ந்து உமக்குத் தனிக் கொட்டகை!"

நேற்று வரைக்கும் அவர் கூப்பிட்டது 'ஏய் மேஸ்திரி'.

வரிசையில் அடுத்ததாக ஒரு பெண் வந்தாள். கோமு என்று பெயர் சொன்னாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. நேரே பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் குடல்வால் சாமி. நாளைக்குக் காலையில வயித்தைக் கிழிக்கணும்ங்காங்க. கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. எனக்கு மனசு ஒப்பல. சும்மா காத்தாட இப்படி வந்தேன். அந்த முருகன்தான் இங்க கொண்டாந்து விட்டிருக்கான்." அவள் திருநீற்றை முந்தானையில் வாங்கி முடிந்தாள். "இது போதும் சாமி. இப்பவே அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நில்லும்மா!" என்று கத்தினார் சங்கரபாண்டியன். "கூட்டிட்டுப் போயிராதே. இது வித்தை. நான் மேஜிக்காரன்."

கோமு கும்பிட்ட கையைப் பிரிக்காமல் புன்னகைத்தாள்.

"பெரியவங்க அப்படித்தான் சாமி சொல்லுவாங்க."

"நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் செருப்பைக் கழற்றிய கிழவர்.

சங்கரபாண்டியன் மடிப்பிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நீட்டினார்.

"இந்தா பாரு. உருண்டை. கஞ்சித் தண்ணி விட்டு நானே பிடிச்சது!"

"எனக்குன்னு உருட்டியே கொடுக்கீங்களே சாமி!" அவள் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுடலைமுத்து அவர் காதோரம் குனிந்தார். "வாயை மூடும்யா. நாளைக்கு ரோடு வரைக்கும் வரிசை நிக்கும்."

சங்கரபாண்டியன் திரைப் பக்கம் திரும்பினார். "மாஸ்டர்! நீங்க வந்து சொல்லுங்க!"

பூரணி திரைக்கு வெளியே வந்து நின்றாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"நான் சொன்னா, பொறாமையில சொல்லுதாள்னு சொல்லுவாங்க. வரவச்சது உங்க கைண்ணே."

கோமு படி இறங்கிவிட்டாள். சங்கரபாண்டியன் ஓடினார். காவி வேட்டி காலைத் தட்ட, உருத்திராட்சத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, படியிலேயே அவளை மறித்து உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"தாயி, அந்த உருண்டையை எடு. கும்பிட வேண்டாம், கையை நீட்டு. இங்க, கட்டைவிரல் இடுக்குல வை. விரலை விரி. இன்னும் விரி. இப்ப மூடு. கசக்கு."

முதலில் உருண்டை நழுவி அவள் மடியில் விழுந்தது. பொறுக்கி மறுபடியும் வைத்துக் காட்டினார். அவள் சாமி சொல்லைத் தட்டக்கூடாதே என்று செய்தாள். விரித்தாள். மூடினாள். கசக்கினாள்.

கோமுவின் கையிலிருந்து திருநீறு கொட்டியது.

"அக்காவுக்கும் அருள் வந்துட்டு!" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. நாலைந்து பேர் அவளை நோக்கிக் கையெடுத்தார்கள்.

"சும்மா கெடங்கடே!" என்று கோமு திரும்பிச் சீறினாள். "அருளு என்ன அருளு. இடுக்குல உருண்டை இருந்துச்சு. எனக்குத் தெரியாதா!"

தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சங்கரபாண்டியனைப் பார்த்தாள்.

"ஏன்யா, எம்புருசன் உசுரு உமக்கு வெளையாட்டாப் போச்சா?"

"தப்புதான் தாயி. ஆஸ்பத்திரிக்குப் போ. ஓடு."

அவள் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி ஓடினாள். "வழிய விடுங்க, கையெழுத்துப் போடணும்!" என்ற குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

பிறகு கூட்டம் சங்கரபாண்டியன் மேல் பாய்ந்தது. ஏமாற்றுக்காரன், திருட்டுச் சாமி, இன்னும் எழுத முடியாதவை. மேடைக்கு ஒரு செருப்பு வந்தது. ஜோடிச் செருப்பு வரவில்லை. எறிந்தவருக்கு வீடு தூரமாக இருந்திருக்கும். சுடலைமுத்து அந்தச் செருப்பைத் தாண்டி வந்து நின்றார்.

"டிக்கெட் கிழிக்கக்கூட நீர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகை காலியானது. சங்கரபாண்டியன் அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பூரணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் விட்டீங்களா மாஸ்டர்?"

"இல்லண்ணே. இப்படி ஒருத்தி வருவான்னு நான் நெனைக்கல. எனக்கே நெஞ்சு வாய்க்கு வந்துட்டு."

அவர் தன் வலதுகையை விரித்துப் பார்த்தார்.

"தொழில் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன்னு உங்க கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருந்தேன்."

"வேடிக்கை பாக்குறவங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னுதானே பண்ணினீங்க? அவதான் வித்தையே செஞ்சுட்டாளே."

சங்கரபாண்டியனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. பூரணி குனிந்தாள். படியில் சிந்திக் கிடந்த திருநீற்றை யார் காலிலும் படாமல் விரலால் கூட்டி எடுத்தாள். ஒரு கீற்றைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். மிச்சத்தைக் கொண்டுபோய்த் தூணில் இருந்த கிண்ணத்தில் போட்டு மூடினாள்.

அவள் திரும்பி வந்ததும் அவர் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியல மாஸ்டர். மாவுக்கு அந்தத் தட்டுத் தட்டினாங்க. இதுக்கு எம்மாங் கூட்டம், எழுந்தே நின்னாங்க. இப்பத்தான் நெனச்சுப் பாக்கேன். ஒருத்தர்கூடக் கைதட்டல. அதே கை, அதே வித்தை. ஏன்?"

பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கும்பிட்டுக்கிட்டு இருந்த கைண்ணே. அது எப்படித் தட்டும்?"