பூச்சியம் உள்ள வரிகள்

ஆடிட்டர் திலகவதியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது சென்னியப்பனுக்கு அறுபது வயது. வங்கியில் ஓய்வு பெற்றவர். ஆடிட்டருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் முன்னால் மாணவனாகத்தான் உட்கார்ந்தார்.

கணக்கு மென்பொருளிலிருந்து இறக்கிய அறிக்கை தலைவாராமல் வந்து நிற்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குறிகள் நிற்கும். ஒரே தலைப்பு இரண்டு முறை வரும். சென்னியப்பன் அதைச் சீவிச் சிங்காரித்துவிடுவார். பூச்சியம் உள்ள வரியைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. அத்தனையையும் மறைத்துவிடுவார்.

சித்திரையில் ஒரு சாயப்பட்டறையின் அறிக்கையை வங்கிக் கடனுக்காக அப்படி அழகாக்கினார். அக்கா மகன் முத்துவேலுக்கு அவரே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்த பட்டறை அது.

"மேடம், குறை ஏதாச்சும் இருக்குங்களா?"

திலகவதி புரட்டிப் பார்த்தார். "கண்ணு எங்கயும் நிக்கலீங்கண்ணா. வழுக்கிட்டுப் போகுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடன் கிடைத்தது. முதலாளி மைசூர்பாகு அனுப்பினார். இருவரும் சாப்பிட்டார்கள்.

ஆடியில், சாயக்கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று பேர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனார்கள். அதில் ஒருவன் முத்துவேல்.

காரியம் முடிந்து சென்னியப்பன் அலுவலகம் வந்தார். மொட்டையடித்திருந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மேடம், நம்ம அறிக்கையில தப்பு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"ஒரு பைசா தப்பில்லீங்கண்ணா."

"அப்ப நம்ம மேல பழி இல்லீங்களே?"

திலகவதி, மென்பொருளிலிருந்து இறக்கியபடியே கிடந்த பழைய அறிக்கையைத் திறந்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"செலவுப் பக்கத்தை வாய்விட்டுப் படிங்க."

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சாயப்பொடி... கரண்டு பில்... லாரி வாடகை... ஆயுத பூஜைப் பொரி, பூசணிக்காய், எண்ணூத்தி நாப்பது..."

அதோடு குரல் நின்றது.

"படிங்கண்ணா."

"தொட்டிக்கு முகமூடி, காத்துக் குழாய்." அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "பூச்சியம்."

சென்னியப்பன் திலகவதியை நிமிர்ந்து பார்த்தார்.

"அசிங்கமா இருக்குன்னு நாந்தாங்க மறைச்சேன். பெத்தவ மாதிரி என்னை வளத்த அக்காவுக்கு நான் என்னங்க சொல்லுவேன்?"

திலகவதி தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணு எங்கயும் நிக்கலன்னு அன்னைக்குச் சொன்னீங்களே மேடம். நான் அதைப் பாராட்டுன்னுல்ல நெனச்சேன்."

"நானும் பாராட்டாத்தான் சொன்னேன்."

சென்னியப்பன் மறுபடி அந்த வரியைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது. அதைக் கேட்டும் விட்டார்.

"அந்த வரி இருந்திருந்தா மட்டும் முதலாளி முகமூடி வாங்கியிருப்பாருங்களா மேடம்?"

"தெரியாதுங்கண்ணா. ஏன் வாங்கலைன்னு நாம கேட்டிருப்போம்."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.