மரை

"மைனி, வண்டி புகையைக் கக்குது."

செலஸ்தி தலையை நிமிர்த்தவில்லை. அவள் முன்னால் ஒரு படகு எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

"கக்கட்டும்."

"உள்ள எதுவும் எரிஞ்சுபோச்சோன்னு பயமா இருக்கு."

"எண்ணெய் கலந்துதான பெட்ரோல் ஊத்துற? டூ ஸ்ட்ரோக் வண்டின்னா எண்ணெயும் சேர்ந்துதான் எரியும். புகை நின்ன அன்னைக்கு வா. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்."

ஹில்டா போய்விட்டாள்.

மறுநாளே திரும்பி வந்தாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கடலுக்குள் நீண்டு கிடந்த மணல்திட்டின் முனையில் அவர்கள் வீடுகள். ஆட்டோ வராது, பைக் புதையும். அகலமான நாலு டயரும் ஒரு பழைய எஞ்சினுமாக அந்த ஒரு வண்டிதான் தார்ரோடு வரைக்கும் போகும். காலையில் ஐஸ்பெட்டி இழுக்கும். ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

போன மழைக்காலத்தில் அவளுடைய கைக்குழந்தை ஆன்சிக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தது. புருஷன் அந்த வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தான். பிள்ளை பிழைத்தது. இப்போது அவன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். வண்டிச் சாவி ஹில்டாவின் கழுத்தில், மாதா படத்தோடு சேர்ந்து தொங்கியது.

செலஸ்தி ஹில்டா புருஷனுடைய அண்ணன் மனைவி, அதனால் மைனி. வயசில் ஹில்டாவுக்கு ஒரு நூல்தான் மூப்பு. அந்தக் கரையில் எந்த எஞ்சின் நின்றாலும் அவளிடம்தான் வரும்.

"மைனி, உள்ள நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

செலஸ்தி எழுந்து வந்தாள். வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நுனியைக் காட்டினாள்.

"என்ன நிறம்?"

"பால்காப்பி நிறம்."

"அப்போ நல்லா இருக்கு."

ஹில்டாவுக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவள் புகையைப் பற்றிக் கேட்க வரவில்லை. தினமும் காலையில் தானே பிளக்கைக் கழற்றினாள். பால்காப்பி நிறம். முடுக்கினாள். மத்தியானம் கடல் கொஞ்சம் இரைந்தால் மறுபடி கழற்றினாள். பால்காப்பி நிறம். ஜெபமாலை மணியை உருட்டுவதுபோல அதை விரலில் உருட்டிப் பார்த்தாள்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "ஹில்டாவுக்கு மரை கழண்டுபோச்சு."

ஒருநாள் காலை பிளக் இறுகவில்லை. ஸ்பேனர் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டியை உதைத்தாள். 'புஸ்' என்று காற்று பீறிட்டு, பிளக் தெறித்து மணலில் விழுந்தது.

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

செலஸ்தி வந்து, குனிந்து, பிளக் இருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"மரை போச்சு."

"எஞ்சின் போச்சா மைனி?"

"எஞ்சினுக்கு என்ன? அது நல்லாத்தான் இருக்கு. பிளக் இரும்பு, இந்த ஓட்டை அலுமினியம். கழட்டக் கழட்டத் தேயும். எத்தனை தடவை கழட்டுன?"

"தினமும். சில நாள் ரெண்டு தடவை."

"நிறம் எப்படி இருந்துச்சு?"

"பால்காப்பி."

"ஒருநாளாவது மாறிச்சா?"

ஹில்டா குனிந்து மணலில் கிடந்த பிளக்கை எடுத்தாள்.

அன்று ஐஸ்பெட்டிகள் தலைச்சுமையாகப் போயின. சுமந்தவர்கள் அவளைத் தாண்டும்போது திட்டிக்கொண்டே போனார்கள். கான்வென்டில் படித்த அவள் காதுக்கு அதில் சில வார்த்தைகள் புதுசு.

வண்டியை மணலில் தள்ளிக்கொண்டு வந்து செலஸ்தியின் ஓலைக் கொட்டகை முன்னால் நிறுத்தினார்கள். அவள் தேய்ந்த மரையை வழித்து எடுத்தாள். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினாள். பித்தளை புஷ் என்ற மரை வைத்த வளையத்தை நிதானமாக உள்ளே இறக்கினாள். ஹில்டா தார்ரோடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஆன்சி சிணுங்கிக்கொண்டே இருந்தது. அதன் கண்கள் சிவந்திருந்தன.

"பிள்ளைக்கு என்ன ஏட்டி?"

"தூங்கவே மாட்டேங்குது மைனி. கண்ணு சொக்கும், உடனே முழிச்சுக்கும்."

"தானா முழிக்குதா?"

ஹில்டா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பிள்ளை அயர்ந்துவிட்டால் அந்த விரலை அதன் மூக்கருகே கொண்டுபோய் வைப்பாள். மூச்சு படுவது சந்தேகமாக இருந்தால் கன்னத்தைத் தட்டுவாள். பிள்ளை வீரிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்டால்தான் இவளுக்கு நெஞ்சு ஆறும்.

செலஸ்தியும் அந்த விரலைப் பார்த்தாள். காற்று வரும் பக்கமாக, நிழலில் குவித்திருந்த வலையைக் காட்டினாள். ஹில்டா பிள்ளையை அதன்மேல் கிடத்தினாள்.

செலஸ்தி பிளக்கை விரலாலேயே முடுக்கினாள். கடைசியில் ஸ்பேனரால் ஒரு சின்னத் திருகல். வண்டியை உதைத்தாள். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. நீலப்புகை கிளம்பிக் கடல்பக்கம் போயிற்று.

"இனி எப்போ கழட்டணும் மைனி?"

"ஸ்டார்ட் ஆகலன்னா."

"ஆயிடுச்சுன்னா?"

"ஓட்டு."

"உள்ள எப்படி இருக்குன்னு தெரியாமலேயா?"

செலஸ்தி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். எஞ்சின் டடங் டடங் என்று ஒரே தாளமாக அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே ஆன்சி தூங்கிப்போயிருந்தது.

ஹில்டா வலைக்குவியல் அருகே போய் உட்கார்ந்தாள். அவள் விரல் மெல்ல நீண்டது.

"மரை" என்றாள் செலஸ்தி, திரும்பாமலே.

விரல் அந்தரத்தில் நின்றது.

"எந்த மரையைச் சொல்றீங்க மைனி? வண்டியோடதா, பிள்ளையோடதா?"

"உன்னோடது."

ஹில்டா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

குழந்தையின் மூக்கருகே வலையிலிருந்து பிரிந்த நூல் ஒன்று கிடந்தது. அது மூச்சு பட்டு லேசாக ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.