எஸ் மேடம்

வேலூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு நடந்துவந்தது. ஆசிரியை ஜெபசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாணவி தமயந்தி அவரைவிட வயதில் மூத்தவர், ஆஸ்பத்திரி நர்ஸ். மாணவி ஆசிரியையை மிஸ் என்பார். ஆசிரியை மாணவியை அக்கா என்பார்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குத் தமயந்தி முயன்றுகொண்டிருந்தார். வீடியோவில் நேர்காணல். கேள்வி கேட்ட அம்மாள் நோயாளி போல நடித்து முனகி, "ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்" என்றார். தமயந்திக்குப் புரியவில்லை. "எஸ் மேடம்" என்றார்.

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அதற்கும் "எஸ் மேடம்."

இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்றார்கள். அது நாளைக்கு. அதுவும் போனால் பிறகு கூப்பிட மாட்டார்கள்.

வகுப்புக்கு வந்ததும் வராததுமாக, தடித்த மரபுத்தொடர்ப் புத்தகத்தை மேசைமேல் போட்டார் தமயந்தி.

"எதைச் சாப்பிட்டாலும் வாந்தியா வருதுன்னு அர்த்தமாம் மிஸ். இப்ப தெரிஞ்சு என்ன பண்ண? நேத்தெல்லாம் 'புட்'டோட மல்லுக்கட்டினேன். புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் அப் வித். ஒரு சொல்லுக்கு இத்தனை புள்ளைங்களா? காலையில படிச்சது சாயங்காலம் காணோம். இதுக்கு முடிவே கிடையாதா?"

"கிடையாது" என்றார் ஆசிரியை.

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆசிரியை புத்தகத்தை எடுத்து பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். அதன்மேல் தலை வைத்து நீட்டிப் படுத்துவிட்டார்.

"என்ன மிஸ், என்ன ஆச்சு?"

"நர்ஸம்மா, காலையிலேருந்து மேலுக்கே முடியல. ஒரேயடியா ஓங்கரிக்கு."

"என்னது?"

"ஓங்கரிக்குங்கேன்லா."

"எங்க பக்கம் அப்படிச் சொல்ல மாட்டோம்மா. எங்க என்ன பண்ணுதுன்னு கையை வச்சுக் காட்டு."

ஆசிரியை வயிற்றில் கை வைத்துத் தொண்டைவரை கொண்டுவந்தார்.

"குமட்டுதா? வாந்தி எடுத்தியா?"

"குடிச்ச தண்ணிகூட நிக்கல."

தமயந்தி நாடி பிடித்தார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "நாக்கை நீட்டு. இன்னும் கொஞ்சம். ஒண்ணுக்குப் போனியா? சரி, பயப்படாத. டாக்டர்கிட்ட சொல்லி சேலைன் போடலாம்."

படுத்தபடியே ஆசிரியை கேட்டார். "ஓங்கரிக்கிறதுன்னா உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியாது. இப்பத்தான் கேள்விப்படறேன்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியலையா? கேக்க வெட்கமா இல்ல?"

"இதுல என்ன மிஸ் வெட்கம்? நோயாளி சொல்றது புரியலைன்னா கேட்டுத்தான் ஆகணும். புரிஞ்ச மாதிரி மண்டையை ஆட்டிட்டுப் போனா ஆளே..."

பேச்சு அங்கேயே நின்றது. ஆசிரியையின் மணிக்கட்டு இன்னும் அவர் கையில் இருந்தது.

கீழே யாரோ கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. தமயந்தி மூச்சை நீளமாக விட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆசிரியை எழுந்து புத்தகத்தை நீட்டினார். "வச்சுக்கோங்க அக்கா. தலைக்கு வைக்க உயரம் சரியா இருக்கு."

மறுநாள் மாலை தமயந்தி படியேறி ஓடிவந்தார். கையில் ஒரு பை நிறைய ஜாங்கிரி.

"கிடைச்சிடுச்சு மிஸ்! மறுபடியும் அந்த அம்மா புரியாத மாதிரிதான் ஒண்ணு சொன்னாங்க. 'சாரி மேடம், எனக்குப் புரியலை. எங்க என்ன பண்ணுதுன்னு காட்டுங்க'ன்னு கேட்டேன். முகமே மாறிடுச்சு அவங்களுக்கு. சிரிச்சுட்டு, தலையைப் பிடிச்சுக் காட்டினாங்க. அதுக்கப்புறம் நம்ம வேலைதானே, கடகடன்னு பேசிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஐ ஹேவ் கம் ஓவர் ஆல் பெக்யூலியர்.' உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே மிஸ்?"

ஆசிரியை ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். எதிரில் இருந்த நாற்காலியைத் தமயந்தியின் பக்கம் தள்ளினார்.

"எனக்குத் தெரியாதே அக்கா. உட்காருங்க. அப்படின்னா என்ன?"